அடைப்பு நீங்கி இரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் இதயத்தசை சேதமடைவதில் கால்சியத்தின் பங்கு என்ன?

ஓய்விலிருக்கும் இதயத்தசைச் செல்லுக்குள் தனித்த கால்சியத்தின் செறிவு வெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு குலைவதே சேதத்தின் வேர். இரத்தம் தடைபட்டதும், ஆக்சிஜனின்றி நடக்கும் குளுக்கோஸ் சிதைவால் செல்லுக்குள் அமிலம் சேர்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைவதால் சோடியத்தை வெளியேற்றும் பம்பும் தளர்கிறது. ஓட்டம் திரும்பும்போது வெளியிலுள்ள அமிலம் கழுவப்பட்டுவிட, உள்ளிருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறி, அவற்றுக்கு ஈடாகச் சோடியம் உள்ளே நுழைகிறது. அந்த மிகுதியால், வழக்கமாகக் கால்சியத்தை வெளியேற்றும் சோடியம்-கால்சியம் பரிமாற்றி எதிர்த்திசையில் இயங்கி, அதைச் செல்லுக்குள் நிரப்புகிறது. ஏடிபி மீண்டும் உருவாவதால் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் சார்கோபிளாச வலை இந்தக் கால்சியத்தை இழுத்துக்கொள்வதும், தாங்காமல் திரும்பக் கொட்டுவதுமாக இருக்க, தசை இழைகள் விரிய முடியாதபடி இறுகிச் செல்சவ்வே கிழிகிறது. அத்தகைய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் குறுக்கே அடர்ந்த சுருக்கப் பட்டைகள் தெரியும்.

இதைவிடத் தீர்மானகரமானது, ஏடிபியை ஆக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா என்பேன். அடைப்புக் காலத்து அமிலத்தன்மை மூடியே வைத்திருந்த அதன் உட்சவ்வுத் துளை, அமிலம் நீங்கியதும், கால்சிய மிகுதியாலும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளாலும் திறந்து, ஏடிபி ஆக்கத்தையே நிறுத்திவிடுகிறது. இத்துளை திறப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து விலங்குச் சோதனைகளில் பலனளித்தும், மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தரவில்லை. ஓட்டம் திரும்புவதே இப்படிச் சேதம் தருகிறது என்பதற்காக அடைப்பை நீக்கத் தயங்கலாம் என்று பொருளல்ல. ஓட்டம் திரும்பாத தசையில் இழப்பு இன்னும் பெரிது.