ஸ்காலரில் 11, ஸ்கோபஸில் 6: எதைப் படிவத்தில் எழுதுவது?

உங்கள் எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்து ஆய்வாளருக்குப் போடும் எண்) கூகுள் ஸ்காலரில் 11 என்றும் ஸ்கோபஸில் 6 என்றும் காட்டுகிறது, படிவத்தில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பொய்யில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்) எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளமோ, தன் பட்டியலில் உள்ள இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும்தான் பார்க்கும். எச்-இண்டெக்ஸ் 6 என்றால் ஆறு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் 11க்கும் 6க்கும் இவ்வளவு இடைவெளி என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இனிஷியல் மேல்தான். ஒரு கட்டுரையில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் சுப்பையா' என்று போட்டிருந்தால் ஸ்கோபஸ் உங்களை இரண்டு ஆளாக்கிவிடக்கூடும். பெயரின் எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். இரண்டு சுயவிவரம் கிடைத்தால் இணைக்கச் சொல்லி அங்கேயே கேட்கலாம், காசு கிடையாது. அப்புறம் ஆர்கிட் எண் (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்காலரில் இதற்கு நேர்மாறு: வேறொரு முருகனின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருக்கலாம். அதை நீங்களே நீக்கிவிடுங்கள்.

பக்கத்துத் துறை இயற்பியல்காரருக்கு 60 இருக்கிறதே என்று வருந்தியிருந்தீர்கள். அவர் செர்ன் (ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம்) கூட்டுக்குழுவில் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்! அப்படிப்பட்ட கட்டுரைக்கு வரும் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். கணிதத்தில் இருவர் மூவராக எழுதும் உங்களை அதோடு ஒப்பிடுவதே தப்பு. எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹிர்ஷே துறைக்குத் துறை எண் மாறும் என்று 2005லேயே எழுதியிருக்கிறார்.

படிவத்தில் தரவுத்தளம் எது என்று குறிப்பிடவில்லை என்றால் இரண்டு எண்ணையும், பார்த்த தேதியோடு எழுதிவிடுங்கள்.