காலில் எரிவு, கையில் விறைப்பு: வருத்தம் எங்கே?

பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இரவில் உள்ளங்கால் எரிகிறது, நடந்தால் பஞ்சில் மிதிப்பதுபோல் இருக்கிறது. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். போகலாமா டொக்டர்? (களுவாஞ்சிகுடி)

வெறுங்காலோடு வேண்டாம். இரத்தத்தில் சீனி வருடக்கணக்கில் கூடி நின்றால் நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும். அதனால்தான் கைக்கு முன் கால். எரிகிற காலிலேயே உணர்ச்சி குறைந்தும் இருக்கும். முள் ஏறினாலும் தெரியாது, வழியில் குமுணைக் காட்டு மணல் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் உடைந்து சீழ் கட்டி, நாற்றம் வந்த பிறகு கிளினிக்குக்கு வருவார்கள்.

போகுமுன் கிளினிக்கில், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது படுவது தெரியவில்லை என்றால் நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்கலாம்; முருகன் கணக்குப் பார்க்க மாட்டார். தெரிந்தால், பழகிய மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போட்டுப் போங்கள். தங்கும் இடமெல்லாம் விரலிடுக்கு வரை பாருங்கள். நடையில் சீனி இறங்கும், குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். சீனிக்கான மெட்போர்மின் குளிசை பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறைந்தும் இதே எரிவு வரும். அதையும் சோதியுங்கள், திருத்தக்கூடியது.

உம்மாவுக்கு 78 வயது. இரண்டு நாளாக நித்திரை இல்லை, மௌத்தான வாப்பாவைக் கூப்பிடுகிறா. மறதி நோயா? (சாய்ந்தமருது)

மறதி நோய் இரண்டு நாளில் வராது. சிறுநீர்க் கிருமி, நெஞ்சுச் சளி, பிரசருக்கான நீர்க் குளிசையால் சோடியம் இறங்குவது, ஏன், மலச்சிக்கல்கூட முதியவர் மூளையை இப்படிக் குழப்பும். காய்ச்சல் இல்லாமலும் கிருமி இருக்கலாம். ஓதிப் பார்ப்பது பிறகு இருக்கட்டும், இன்றே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எல்லாக் குளிசையும் பையோடு. நித்திரைக் குளிசை கொடுக்க வேண்டாம். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இரவில் பெருவிரலும் பக்கத்து விரல்களும் விறைக்கின்றன, உதறினால் சரி. உடம்பும் பருக்கிறது. (அக்கரைப்பற்று)

மணிக்கட்டில் நரம்பு நசிகிறது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்வது இதற்கும் உடம்பு பருப்பதற்கும் ஒரு காரணம், இரத்தம் சோதியுங்கள்.

முழங்கையில் வெளிறிய படை. சொறிவும் இல்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. (வாழைச்சேனை)

தோல் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போங்கள். உணர்ச்சியில்லாத படை என்றால் முதலில் நினைப்பது தொழுநோய். அந்தக் கிருமி தோலோடு நரம்பையும் தின்னும். முன்பு தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த மாந்தீவை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. வீட்டிலிருந்தே 6 அல்லது 12 மாதம் குளிசை, இலவசம். விரல் மடங்கிய பிறகு வந்தால் நரம்பு திரும்புவது கடினம். வீட்டில் உள்ளவர்களையும் காட்டுங்கள்.