புகார்க் கடிதத்தில் 'கன்டெம்ப்சுவஸ்லி' என்று எழுதலாமா?

கேள்வி: வங்கி ஊழியர் ஒருவர் என்னிடம் இளக்காரமாகப் பேசினார். மேலாளருக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதுகிறேன். 'ஹி ஸ்போக் டு மீ கன்டெம்ப்சுவஸ்லி' சரியா? 'கன்டெம்ப்டிபிளி' என்று போடச் சொல்கிறார் நண்பர். கோர்ட் அவமதிப்புக்கும் இதே சொல்தானே, வம்பாகிவிடாதா?

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. 'நீயெல்லாம் ஒரு ஆளா' என்கிற தோரணையில் பேசுவது, பார்ப்பது, எதையாவது வீசுவது எல்லாம் கன்டெம்ப்சுவஸ்லி. கேலிச் சிரிப்பும் சேர்ந்தால் 'டிரைசிவ்லி'. மரியாதைக் குறைவு மட்டும்தான் என்றால் 'டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுலி' போதும்.

நண்பர் சொன்ன சொல் வேறு. இகழ்கிறவர் கன்டெம்ப்சுவஸ், இகழத் தகுந்தவர் கன்டெம்ப்டிபிள். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914இல், ஜெர்மானியப் பேரரசரான கைசர் பிரிட்டிஷ் படையை 'கன்டெம்ப்டிபிள் லிட்டில் ஆர்மி' என்று சொன்னதாகப் பேச்சு பரவியது. அந்தப் படையில் இருந்து பிழைத்தவர்கள் தங்களையே 'ஓல்டு கன்டெம்ப்டிபிள்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள், அதுவும் பெருமையாக! 'ஸ்போக் கன்டெம்ப்டிபிளி' என்று நீங்கள் எழுதினால், ஊழியர் பேசியது கேவலம் என்று நீங்களே தீர்ப்பு எழுதியது போல் ஆகும்.

கோர்ட் பயம் வேண்டாம். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உத்தரவை வேண்டுமென்றே மீறினாலும் அவமதிப்புதான். முகத்தில் ஏளனம் தெரிய வேண்டும் என்பதில்லை. சொல்லின் வேர் ஒன்று, அவ்வளவே.

எழுதும்போது இடத்தைக் கவனியுங்கள். 'ஹி த்ரூ கன்டெம்ப்சுவஸ்லி த ஃபார்ம்' என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே செருகக் கூடாது. 'ஹி கன்டெம்ப்சுவஸ்லி த்ரூ த ஃபார்ம்' என்று வினைக்கு முன்னால் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். அப்புறம், 'இன் எ கன்டெம்ப்சுவஸ்லி மேனர்' என்பது நம் ஊர்க் கடிதங்களில் தவறாமல் வரும் பிழை. அங்கே 'கன்டெம்ப்சுவஸ்' மட்டும்தான்.

இவ்வளவு சொன்னாலும், புகாரில் நானாக இருந்தால் இந்தச் சொல்லையே போட மாட்டேன். 'அது உங்கள் மனசுக்குப் பட்டது, அவர் அப்படி நினைக்கவில்லை' என்று மேலாளர் ஒரே வரியில் முடித்துவிடுவார். படிவத்தை மேஜையில் வீசினாரா, 'படிக்கத் தெரியாதா' என்று கேட்டாரா, எந்தத் தேதி, எந்த கவுன்டர்? அதை அப்படியே எழுதுங்கள். முடிவில் உணர்ச்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'ஹி ட்ரீட்டட் மீ வித் கன்டெம்ப்ட்' போடுங்கள். ஆங்கிலக் காதுக்கு அதுதான் இயல்பு.