ஓடையில் விழுந்த மரத்தை எடுக்கலாமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் எங்களுக்கு 40 ஏக்கர் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரக் காடு இருக்கிறது. மரம் வெட்டியபோது மீன் வாழும் ஓடையின் இரு கரையிலும் மரங்களை விட்டுவைக்கச் சொன்னார்கள். போன குளிர்காலக் காற்றில் அவற்றில் பல சாய்ந்து ஓடையில் கிடக்கின்றன. எடுத்து விற்கலாமா? அழுகினால் மீனுக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: எடுக்காதீர்கள். நிழலுக்காகவும் கரை அரிக்காமல் இருக்கவும் மட்டும் அந்த மரங்களை விடச் சொல்லவில்லை. ஒருநாள் விழட்டும் என்றும்தான் விடச் சொன்னார்கள்.

ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு தடிமரத்தை நின்று பாருங்கள். நீர் வந்து மோதும் பக்கத்தில் வேகம் தணிந்து சரளைக்கல் படியும். சால்மன் மீன் முட்டையிடுவது சரளையில்தான். மரத்தைத் தாண்டி விழும் நீர் அடியைக் குடைந்து கசம், அதாவது ஆழமான குழி, உண்டாக்கும். கோஹோ என்ற சால்மன் வகையின் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஓராண்டுக்கு மேல் நன்னீரில் வளர்கிறது. கோடையில் நீர் வற்றும்போது அதற்குக் கசம் வேண்டும், குளிர்கால வெள்ளத்தில் ஒதுங்க வேர்க்கட்டையின் இடுக்கு வேண்டும். முட்டையிட்டுச் செத்த மீன்களும் இலைதழையும் அடித்துப் போகாமல் கட்டையில் சிக்கி நிற்பதால் பூச்சிகள் பெருகும். குஞ்சுக்கு இரை அவைதான்.

உங்கள் சந்தேகம் புதிதல்ல. 1950 முதல் 1970கள் வரை மீன்வளத் துறையினரே சால்மனுக்கு வழிவிடுவதாக நினைத்து ஓடைகளிலிருந்து கட்டைகளை இழுத்துப் போட்டார்கள். இன்று ஹெலிகாப்டர் வைத்துக்கூடத் திரும்பப் போடுகிறார்கள். உங்களுக்குக் காற்று இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது.

முழு மரம் குளிர்ந்து ஓடும் நீரில் மெல்லத்தான் மக்கும். ஃபிர் மரம் பல பத்தாண்டுகள் தாங்கும், சிவப்பு சீடர் என்ற ஊசியிலை மரம் அதற்கும் மேல். ஆல்டர் என்ற இலையுதிர் மரம்தான் சீக்கிரம் உளுத்துப்போகும். மீனுக்கு ஆக்சிஜன் குறைவது, வெட்டிய இடத்துச் சிறு கிளைகளும் தழையும் ஓடையில் குவிந்து அழுகும்போதுதான்.

ஓடைக்கு வரும் மரத்தில் மிகப் பெரும்பகுதி கரையிலிருந்து சுமார் 30 மீட்டருக்குள் நிற்பவற்றிலிருந்தே வருகிறது. அதனால் கரையோரத்தில் எஞ்சியிருப்பவற்றில் கை வைக்காதீர்கள். அங்கே ஆல்டர் மட்டும்தான் என்றால் அதன் நிழலில் சீடர் கன்று நடுங்கள், அது நிழல் தாங்கும். பக்கத்துக் காட்டை வெட்டியதும் முதல் சில குளிர்காலங்களில்தான் காற்றுச் சேதம் அதிகம், பிறகு குறையும்.

சட்டமும் இதற்கு இடம் தராது. மேற்கு வாஷிங்டனில் மீன் வாழும் ஓடையை ஒட்டிய 50 அடியில் மரம் வெட்டத் தடை. ஓடைக்குள் விழுந்ததையும் எடுத்து விற்க முடியாது. விட்ட மரங்களுக்காகச் சிறு நில உரிமையாளருக்கு இழப்பீடு தரும் திட்டம் மாநிலத்தில் உண்டு, விசாரியுங்கள்.

நியாயமான கவலை ஒன்றுதான்: கீழே சாலைக்கு அடியில் போகும் குழாயைக் கட்டை அடைத்துவிடுமோ என்பது. வேரோடும் முழு நீளத்தோடும் கிடக்கும் மரம் எளிதில் நகராது. துண்டுபோட்டால்தான் மிதந்து போய் அடைக்கும். அப்படி ஆபத்து தெரிந்தால் ரம்பத்தை எடுக்குமுன் மாநில இயற்கை வளத் துறையின் வன அலுவலரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.