மாத்திரை, ஊசி தவிர வயதானவர்களின் ஆரோக்கியத்துக்கு ஒரு நர்ஸ் என்னதான் செய்ய முடியும்?

கேட்டிருப்பவர் நர்ஸிங் மாணவி. 'முதியோர் ஆரோக்கிய மேம்பாடு என்று பாடத்தில் பக்கம் பக்கமாக வருகிறது, வார்டில் போய்ப் பார்த்தால் மாத்திரையும் ஊசியும்தான்' என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறார். வார்டில் அப்படித்தான் இருக்கும். அந்தப் பாடத்துக்கு உண்மையான வேலை வீட்டில்தான். நான் மும்பையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். காலையில் தாராவி, சாயங்காலம் மாட்டுங்கா. நடுவில் ஒரு ரயில் பாதைதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் முதுமை வேறு வேறு மாதிரி.

தாராவியில் ஓர் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம், எழுபதைத் தாண்டியவர். கீழே மகனின் தையல் மிஷின்கள், மேலே குடித்தனம். ஏறி இறங்க நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. பிரஷர் 170-க்குக் கீழே வரவே இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை. ஒருநாள் மாத்திரைப் பையை வாங்கித் தரையில் கொட்டிப் பார்த்தேன். மற்ற அட்டைகள் எல்லாம் காலியாகிக்கொண்டிருக்க, நீர் பிரிய வைக்கும் மாத்திரை மட்டும் அட்டை குலையாமல் இருந்தது.

"அதப் போட்டா நாலஞ்சு தடவ எறங்கணும் தாயி. சண்டாசு தெருக்கோடில இருக்கு, அங்கயும் லைனு. ராத்திரி யாரு எறங்குவா?"

பொழுது சாய்ந்தால் தண்ணீரும் குடிப்பதில்லையாம். வயதானால் தாகம் எடுப்பதே குறையும், இவர் எடுக்கிற தாகத்தையும் அடக்கிக்கொண்டிருந்தார். அடிக்கடி வந்த நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், எழுந்தால் கிறுகிறுப்பு என்று எல்லாம் அந்த ஏணியில்தான் போய் முட்டின.

"தண்ணி நிறையக் குடிங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் ரெஜிஸ்டரில் 'ஆரோக்கியக் கல்வி அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறியிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. மகனிடம் பேசி, அடியில் வாளி வைக்கிற கமோடு நாற்காலி ஒன்றை வாங்க வைத்தேன். மாடி மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். வாளியை யார் கொட்டுவது என்று மருமகள் கேட்டார். நியாயமான கேள்விதான். யாரும் கேட்காமலே பேரன் முன்வந்தான். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னதும் கூட்டியதைக் குறைத்தார். ஆச்சி எங்காவது அட்மிட் ஆகி, சீட்டில் உள்ள மாத்திரையை எல்லாம் தவறாமல் கொடுத்திருந்தால் பிரஷர் தடாலென்று இறங்கியிருக்கும்.

மாட்டுங்காவில் கதை தலைகீழ். லிஃப்ட் உண்டு, படுக்கை அறையை ஒட்டியே வெஸ்டர்ன் கழிவறை, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ப்யூரோவிலிருந்து வந்த 24 மணி நேர மாவ்ஷி (பார்த்துக்கொள்ளும் பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). அங்கே நான் பார்க்கிற மாமி ஒரு டம்ளர் எடுக்கக்கூட எழுந்திருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வீடியோ காலில், "அம்மாவ நடக்க விடாதீங்கோ சிஸ்டர், விழுந்துடப் போறா" என்கிறார். பாசம்தான், ஆனால் விழக்கூடாது என்று உட்கார்த்தியே வைத்தால்தான் சீக்கிரம் விழுவார்கள். நல்ல ஆரோக்கியமான முதியவரே 10 நாள் படுக்கையோடு இருந்தால் காலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துவிடும்.

நான் செய்தது சின்ன சோதனைதான். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வது. 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. மாமிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. பிறகு, எழுந்ததும் பிரஷர் இறங்கி விழ வைக்கிறதா என்று பார்ப்பது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்து, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். உட்கார வைத்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது பிடிபடாது.

மாவ்ஷியைப் பழக்குவதுதான் பெரும்பாடு. "கை கொடுக்காதீங்க, பக்கத்துல நில்லுங்க போதும்" என்றால், சும்மா நிற்கிறாள் என்று வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். பிள்ளையே ஃபோனில் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது என்று ஆரம்பித்தோம். இந்த மாதிரி சமநிலைப் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை, பஜன சமாஜத்துக்கு நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். இப்போது மாவ்ஷியோடு போய் வருகிறார்.

நாட்டில் 2022-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள், 2050-ல் அது இருபதைத் தாண்டும் என்கிறது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் அறிக்கை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆயுஷ்மான் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, 2024 அக்டோபரில் வந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது அட்மிட் ஆனால்தான். ஆச்சியின் கமோடு நாற்காலிக்கோ மாமியின் குளியலறைக் கைப்பிடிக்கோ அதில் வழியில்லை.

உங்களுக்குக் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது வீடு வீடாகப் போகிற பயிற்சி, வரும்போது மாத்திரைப் பையைக் கட்டாயம் கொட்டிப் பாருங்கள். சீட்டில் இல்லாத சளி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அதில் கிடக்கும். மெடிக்கலில் சொல்லி வாங்கியிருப்பார்கள். குளோர்பெனிரமின் என்ற மருந்து உள்ள சாதாரண சளி மாத்திரையே வயதானவர்களுக்கு மயக்கம், மனக்குழப்பம், நீர் அடைப்பு வரை கொண்டுபோகும். பெயரை எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.