வாசகர் கேள்வி பதில்: கேடிலாக்கின் வாலும் காலி-பீலி டாக்ஸியும்

கேள்வி: டெட்ராய்ட் அருகே வசிக்கும் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள கார் அருங்காட்சியகம் ஒன்றில் 1959ஆம் ஆண்டின் கேடிலாக்கைப் பார்த்தேன். பின்பக்கம் இருபுறமும் சுறாவின் துடுப்பைப் போலத் தகடு எழும்பி நிற்கிறது. அதனால் வண்டிக்குப் பயன் ஏதும் உண்டா, வெறும் அலங்காரமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: அலங்காரம்தான், ஆனால் பூர்வீகம் உள்ள அலங்காரம். ஹாலிவுட் நடிகர்களுக்கு விருப்பப்படி கார் பாடி கட்டிக் கொடுத்துவந்த ஹார்லி ஏர்ல் என்பவரை 1927இல் கேடிலாக்கைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பணியில் அமர்த்தியது. காரின் தோற்றத்தைப் பெரும்பாலும் இன்ஜினியர்களே முடிவு செய்துவந்த காலம் அது. அவர் காரின் முழு அளவிலேயே களிமண்ணில் மாதிரி செய்து, மட்கார்டின் வளைவைக் கையால் தடவிப் பார்த்துத் திருத்தும் முறையை அந்த நிறுவனத்தில் நிலைநிறுத்தினார். 1941இல் தம் வடிவமைப்பாளர்களை டெட்ராய்ட் அருகே உள்ள விமானத் தளத்துக்கு அழைத்துச் சென்று, லாக்ஹீட் பி-38 என்னும் இரட்டை வால் போர் விமானத்தைக் காட்டினார். போர் முடிந்து 1948இல் வந்த கேடிலாக்கின் பின் மட்கார்டுகளில் அந்த வாலின் சாயல் சிறு மேடாக எழுந்தது. இடப்பக்க மேட்டில் இருந்த சிவப்பு விளக்கை மேலே தூக்கினால் அதற்கடியில் பெட்ரோல் மூடி இருக்கும். பங்க்கில் புதிதாகச் சேர்ந்த பையன் மூடியைத் தேடி வண்டியை எத்தனை சுற்று சுற்றினானோ!

அதன்பின் நடந்தது போட்டி. 1957இல் விர்ஜில் எக்ஸ்னரின் வடிவமைப்பில் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்கள் நெடிய துடுப்புகளுடன் வந்தன. பக்கவாட்டுக் காற்றில் வண்டி தடம் மாறாமல் செல்ல அவை உதவும் என்று அந்நிறுவனம் சொல்லிக்கொண்டது. அன்றாடம் ஓட்டும் வேகத்தில் ஓட்டுநர் அதை உணர்ந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அந்தக் கார்கள் விற்பனைக்கு வரும் முன்பே, 1956 ஆகஸ்டில், ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டான், கிரைஸ்லர் வளாகத்தின் வேலிக்கு அப்பால் வரிசையாக நின்ற அந்நிறுவனத்தின் புதிய பிளிமத் கார்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சகாக்களிடம் சொன்னார். 1959ஆம் ஆண்டுக்கென வரைந்திருந்தவற்றை ஒதுக்கிவிட்டு அவர்கள் புதிதாகத் தொடங்கினார்கள். அதன் விளைவே நீங்கள் கண்ட கேடிலாக்: ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளம், ராக்கெட்டின் தீ நாக்குகளைப் போலத் துடுப்புக்கு இரண்டாகப் பொருத்திய விளக்குகள். மாட்டுங்கா சந்துகளில் அதைத் திருப்புவது நடக்காத காரியம். அடுத்த ஆண்டே துடுப்பு தாழ்ந்தது. 1965 வாக்கில் அடையாளத்துக்குக்கூட இல்லை என்னும் நிலைக்கு வந்துவிட்டது.

கேள்வி: என் தந்தை முப்பது ஆண்டுகள் பம்பாயில் டாக்ஸி ஓட்டியவர். காலையில் வண்டியைத் துடைக்கும்போது, டிக்கிக்கு இருபுறமும் கூராக முடியும் விளிம்பைத்தான் கடைசியாக ஒருமுறை அழுத்தித் துடைப்பார். பிரீமியர் பத்மினியின் அந்த விளிம்புக்கும் அமெரிக்கக் கார்களுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, முலுண்ட்

பதில்: உண்டு. உங்கள் தந்தை துடைத்தது டெட்ராய்டின் துடுப்பேதான், இத்தாலி வழியாகச் சுருங்கி வந்தது. 1950களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நிறுவனங்களும் அந்த மோகத்துக்கு ஆட்பட்டன. மெர்சிடிஸ்கூட 1959இல் துடுப்பு வைத்தது. ஃபியட் தன் 1100 காருக்கு அடக்கமாக ஒன்றை வைத்துக்கொண்டது. தொடக்கத்தில் டாட்ஜ், பிளிமத் போன்ற அமெரிக்கக் கார்களின் பாகங்களைப் பம்பாயின் குர்லாவில் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்த பிரீமியர் நிறுவனம், பின்னர் ஃபியட்டுக்கு மாறி, 1960களின் நடுவில் அந்த மாதிரியைத் தயாரிக்கத் தொடங்கியது. பத்மினி என்ற பெயர் 1970களில் வந்தது.

தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளுக்குப் பெரும் பணம் வேண்டும். பழைய காரை வைத்திருப்பவர் வெட்கப்பட்டுப் புதியதை வாங்கட்டும் என்று அமெரிக்கர்கள் அந்த அச்சுகளை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றினார்கள். இங்கோ, காருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்களிடம் விற்க எதையும் மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே அமெரிக்காவில் இருபது ஆண்டுக்குள் சலித்துப்போன மோகம், கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக (இந்தியில் ‘காலி-பீலி’ என்றால் கறுப்பு-மஞ்சள்), மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் விடைபெறும்வரை இந்த ஊர்ச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: ஃபோர்டு மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது என்பது உண்மையா?
– வாசகர், செம்பூர்

பதில்: 1914 முதல் 1925 வரை உண்மை. 1908இல் அறிமுகமானபோது பிற நிறங்களும் இருந்தன. கறுப்பு வண்ணப்பூச்சு மலிவு, உழைப்பதும் அதிகம் என்பதால் அது மட்டும் எஞ்சியது. ஜெனரல் மோட்டார்ஸ் பல வண்ணங்களில் விற்கத் தொடங்கிய பிறகு, 1926ஆம் ஆண்டு மாதிரியில் ஃபோர்டும் நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தது; ஆனால் 1927இல் மாடல் டி உற்பத்தியே நின்றுவிட்டது. ஹார்லி ஏர்லுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய பிரிவுக்கு வைத்த பெயர் ‘ஆர்ட் அண்ட் கலர்’.