புல்லுருவி ஏன் வாடுவதில்லை?

அன்புள்ள ஐயா,

எங்கள் தோப்பில் சில மாமரங்களில் புல்லுருவி பிடித்திருக்கிறது. கோடையில் மா இலை துவண்டு தொங்கும்போதும் புல்லுருவி மட்டும் பசேலென்று நிற்கிறது. அது தண்ணீரைச் சேமித்து வைக்கிறதா? கூடுதலாகப் பாய்ச்சினால் மரம் சமாளித்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா?

வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

புல்லுருவிக்குச் சிக்கனமே தெரியாது. மண்ணில் ஈரம் குறைந்தால் மாமரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. புல்லுருவி அந்த அளவுக்கு மூடுவதில்லை. மண்ணில் வேரில்லாத அது, கிளைக்குள் உறிஞ்சியைச் செலுத்தி, மரம் நீரேற்றும் குழாய்களோடு தன்னை இணைத்துக்கொண்டிருக்கிறது. எந்த இலையில் இழுவை அதிகமோ அங்கேதான் தண்ணீர் போகும். ஓயாமல் ஆவியாக்கும் புல்லுருவி இலையில் அந்த இழுவை மா இலையைவிடக் கூடுதல். அதனால்தான் அது ஒட்டிய இடத்துக்கு அப்பாலுள்ள கிளைநுனி முதலில் காய்கிறது.

இவ்வளவு தண்ணீர் எதற்கு? பச்சையம் இருக்கிறது, மாவுச்சத்தைத் தானே தயாரிக்கிறது. 1984இல் ஷுல்சே, டர்னர், கிளாட்செல் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். மரத்தில் ஏறும் நீரில் தழைச்சத்து மிகக் குறைவு. வேண்டிய அளவு கிடைக்க நிறைய இழுத்தாக வேண்டும். பசியடங்க நீராகாரத்தைச் சொம்பு சொம்பாகக் குடிப்பது போல. எல்லாப் புல்லுருவிகளுக்கும் இது பொருந்தவில்லை என்று பிற்கால ஆய்வுகள் சொன்னாலும், இதைப் படித்த பிறகு புல்லுருவியை நான் வெறும் தண்ணீர்த் திருடனாகப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். கூடுதல் பாசனம் மரத்தை ஓரளவு தாங்கும். புல்லுருவியையும் சேர்த்தே வளர்க்கும். பிடுங்கினாலும் போகாது, உள்ளே தங்கிய பகுதி மறுபடி துளிர்க்கும். நம் மாமரங்களில் பிடிக்கும் வகை பட்டைமேல் கொடி போல ஓடி இடையிடையே புதிதாக ஒட்டவும் செய்யும். அப்படி ஒட்டிய கடைசி இடத்தையும் தாண்டி, அடிமரப் பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கிளையை வெட்டுங்கள். பழம் பழுப்பதற்குள் வெட்டிவிட வேண்டும். பூக்கொத்திக் குருவிகள் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிட்டுப் போகும்.

தோப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி, புறம்போக்கு மரங்களில் இருப்பதை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குருவிகள் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பழங்களைத்தான். மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வளர்வதும் புல்லுருவி இலையைத் தின்றுதான்.